ஃப்ரெஞ்ச் டோஸ்ட் கேசரோல்: சில வருஷப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

ஞாயிற்றுக்கிழமை 11 மணிவாக்கில் 8, 10 பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் நான் அதிகம் யோசிப்பதில்லை, ஃப்ரெஞ்ச் டோஸ்ட் கேசரோல்தான். பாஸ்டன் பக்கம் குடிவந்த பிறகு பழகிய அமெரிக்கப் பலகாரம் இது. நம் ஊரில் பாம்பே டோஸ்ட் என்று துண்டு துண்டாகக் கல்லில் போட்டு எடுப்போமே, அதையே ஒரு பெரிய பாத்திரத்தில் மொத்தமாக அடுக்கி, முட்டையும் பாலும் கலந்து ஊற்றி, இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, காலையில் ஓவனில் வேகவைக்கிறோம். வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் அடுப்படியில் நின்று தோசை வார்ப்பது போன்ற நிலைமை இதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சூடாகக் கிடைக்கும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

சில வருஷமாக விடாமல் செய்துவருவதில் ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்துவிட்டது. இந்தப் பலகாரத்தின் விதி பிரெட்டில்தான் இருக்கிறது. பழம், நட்ஸ், க்ரீம் என்று மேலே எதைப் போட்டாலும் சரி, பிரெட் சரியில்லாவிட்டால் அடியில் சதசதவென்று கூழாகிவிடும். பிரெட் சரியாக இருந்தால் மேலே ஒன்றுமே வேண்டாம்.

நான் வாங்குவது ஹாலா. யூதர்கள் வெள்ளிக்கிழமை இரவு சபாத் (அவர்களின் வார ஓய்வுநாள்) விருந்துக்கு வைக்கும், ஜடை போலப் பின்னிய முட்டை பிரெட். பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைனில் ஹார்வர்டு தெருவில் இதற்கென்றே பேக்கரிகள் உண்டு. வெள்ளி காலையிலேயே போய்விடுவது நல்லது. சபாத் அனுசரிக்கும் கடைகள் சூரியன் மறையும் முன்பே மூடிவிடும். இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்பது அவர்கள் உணவுமுறை. அதனால் ஹாலாவில் பாலோ வெண்ணெயோ சேர்ப்பதில்லை, முட்டையும் எண்ணெயும்தான். எண்ணெயில் செய்ததால் மென்மையாக இருந்தாலும் நாரோட்டம் நன்றாகவே இருக்கும். கலவையில் எட்டு மணி நேரம் ஊறினாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மிஞ்சிய ஹாலாவை ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெஞ்ச் டோஸ்ட்டாக்குவது இங்குள்ள யூத வீடுகளில் சாதாரண வழக்கம். ஆக, நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

ஹாலா கிடைக்காத வாரங்களில் பிரியோஷ் என்ற பிரெஞ்சு பிரெட். அதில் வெண்ணெய் தாராளமாக இருப்பதால் வாசனை அபாரம், ஆனால் இரவு முழுக்க ஊறவைத்தால் கரைந்துபோகிறது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் போதும். நீளக் கோல் போன்ற பகெட் பிரெட் இதற்கு நேர்மாறு. தோல் தடிமன் என்பதால் ராத்திரி முழுக்க ஊறியே ஆகவேண்டும், மேலே மொறுமொறுப்பும் அதிகமாக வரும். புளித்த மாவில் செய்யும் சவர்டோ பிரெட்டின் புளிப்பு இனிப்போடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சீஸும் கீரையும் போட்டுக் காரமாகச் செய்யும்போது மட்டும் எடுப்பேன். சாண்ட்விச்சுக்கு வாங்கும் மெல்லிய ஸ்லைஸ் பிரெட் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், "பழைய பிரெட்டாக இருக்கவேண்டும்" என்று எல்லாச் செய்முறையிலும் எழுதியிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய பிரெட் விறைப்பாவதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான். தண்ணீரில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். நமக்கு வேண்டியது காய்ந்த பிரெட். ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரி செல்சியஸில் (இங்குள்ள ஓவனில் 300 ஃபாரன்ஹீட்) கால் மணி நேரம் வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டால் போதும். சிவக்கக்கூடாது, தொட்டால் மேலே வறண்டிருக்க வேண்டும். தண்ணீர் போன இடத்தில்தான் பால் போய் உட்காரும். இந்த வேலையைச் சனிக்கிழமை மாலையே முடித்து ஆறவிட்டுவிடுவேன்.

என் அளவு இது: 9க்கு 13 அங்குலப் பாத்திரம், ஏறக்குறைய 450 கிராம் ஹாலா, 8 முட்டை, அரை லிட்டர் கொழுப்பு நீக்காத பால், 120 மில்லி ஹெவி க்ரீம், 100 கிராம் சர்க்கரை, வனிலா ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பாலைக் குறைத்து க்ரீமையே கூட்டும் செய்முறைகள் நிறைய உண்டு. எனக்கு அது திகட்டுகிறது. இரண்டாவது துண்டு யாரும் கேட்பதில்லை. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் முட்டை வாசம் முன்னால் வந்து நிற்கும்.

பட்டைத்தூள் பாலில் கரையாது, கட்டி கட்டியாக மேலே மிதக்கும். முதலில் சர்க்கரையோடு கலந்துகொண்டு, அதில் முட்டையை அடித்து, கடைசியில் பாலை ஊற்றினால் ஒழுங்காகப் பரவும். அமெரிக்கக் கடைகளில் வெறுமனே பட்டை என்று விற்பது பெரும்பாலும் காசியா வகை. காரமும் அழுத்தமும் கூடுதல், அதையே மேலே தூவும் மாவுக்கு வைத்துக்கொள்கிறேன். கலவைக்குள் போடுவது இலங்கைக் கறுவா. அந்த மெல்லிய, கொஞ்சம் எலுமிச்சை சாயல் உள்ள மணம் பாலோடு சேரும்போது தனி அழகு. ஜாதிக்காய் இரண்டு துருவல் போதும்.

காலையில் முதல் வேலை, பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைப்பது. கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் இது கட்டாயம், சில்லென்ற கண்ணாடி சூட்டுக்குள் போனால் வெடிக்கலாம். முட்டை சேர்ந்தது என்பதால் மணிக்கணக்கில் வெளியே விடவும் கூடாது. நான் இப்போது பீங்கானுக்கு மாறிவிட்டேன், சூடு நிதானமாக ஏறுகிறது.

மேலே தூவ மைதா, பிரவுன் சுகர், குளிர்ந்த வெண்ணெய், பட்டை நான்கையும் விரலால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரூசல் என்று இங்கே சொல்வார்கள். இதை இரவே தூவினால் சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். ஓவனுக்குள் போகும் நேரத்தில்தான் தூவவேண்டும். பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கரகரப்பு கூடுகிறது, எனக்கு அதுவே பிடித்துவிட்டது.

175 டிகிரியில் (350 ஃபாரன்ஹீட்) முதல் அரை மணி ஃபாயில் மூடி, பிறகு திறந்து 20, 25 நிமிஷம். ஓவனில் நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்தால் அடி நன்றாக வேகும். வெந்துவிட்டதா என்பதைக் கத்தி குத்திப் பார்ப்பதைவிடத் தெர்மாமீட்டரில் பார்ப்பது நிச்சயம். முட்டைப் பண்டங்களுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான சூடு 71 டிகிரி. நான் நடுவில் 77, 78 வரும்வரை விடுவேன். அப்போதுதான் கலவை வெட்டினால் நிற்கும் பதத்துக்கு இறுகும். 85 தாண்டினால் முட்டை திரிந்து தண்ணீர் விட ஆரம்பிக்கும். எடுத்ததும் 10 நிமிஷம் ஆறட்டும்.

மேப்பிள் சிரப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. நியூ இங்கிலாந்தில் (பாஸ்டன் அடங்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) இருந்துகொண்டு இதற்கு மட்டும் மலிவான பாட்டிலைத் தேடக்கூடாது. பான்கேக் சிரப் என்று விற்பது பெரும்பாலும் மேப்பிள் வாசனை சேர்த்த சோளப்பாகுதான். உண்மையான சிரப் ஒரு லிட்டர் கிடைக்க, மரத்துச் சாறு சுமார் 40 லிட்டரைக் காய்ச்ச வேண்டும். சாற்றில் சர்க்கரை 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். இரவில் உறைந்து பகலில் இளகும் பிப்ரவரி கடைசி, மார்ச் வாரங்களில்தான் சாறு ஓடும். அந்த மார்ச்சில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் சாறு காய்ச்சும் கொட்டகைகளை வார இறுதியில் திறந்துவிடுவார்கள். நீராவிக்குள் நின்று சூடான சிரப்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம், குழந்தைகளை அவசியம் கூட்டிப்போங்கள். கடையில் விற்பது எல்லாம் கிரேடு ஏ தான், நிறத்தில்தான் வித்தியாசம். கோல்டன் மென்மையானது, இந்தக் கேசரோலின் மேல் ஊற்றினால் அடங்கிப்போய்விடும். டார்க் வாங்குங்கள். பாட்டிலைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பழங்களில் என் ஓட்டு மெய்ன் மாநிலத்துக் காட்டு ப்ளூபெர்ரிக்கு. சிறியது, தோல் மணம் அதிகம், உறைந்த பாக்கெட்டாக வருஷம் முழுக்கக் கிடைக்கும். உருகவிடாமல் அப்படியே இடையில் தூவினால் நீலச்சாறு பரவாது. ஆப்பிளை வெண்ணெயில் வதக்கிவிட்டுப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் வேகாது. வாழைப்பழம் கறுத்துவிடும் என்பதால் பரிமாறும்போது மேலே வைப்பதோடு சரி.

எங்கள் வீட்டுக்கு வருபவர்களில் முட்டை சாப்பிடாதவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்குச் சின்னப் பாத்திரத்தில் தனியாகச் செய்துவிடுவேன். அரை லிட்டர் பாலில் மூன்று மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து, தளர்வாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே காய்ந்த பிரெட் மேல் ஊற்றி அரை மணி ஊறவிட வேண்டும். கஸ்டர்ட் பவுடரே அப்படிப் பிறந்ததுதான்: இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று 1837-ல் சோளமாவில் செய்தது. ஹாலாவிலும் பிரியோஷிலும் முட்டை இருப்பதால் இதற்குப் பகெட்தான் எடுக்கிறேன். ஊற்றிய முட்டைக் கலவை இறுகுவது போன்ற மென்மை இதில் வராது, ஆனாலும் நல்ல பலகாரம். அம்மா வந்திருந்தபோது இரண்டையும் ருசி பார்த்துவிட்டு, "எனக்கு இனிமே இந்தக் கஸ்டர்டுதான்டா வைக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மிஞ்சியதை மூன்று நாள் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர் போல இழுபடும். ஓவனில் 175-ல் கால் மணி வைத்தால் பழையபடி வரும். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல வழி, சில்லென்று இருக்கும்போதே விரல் தடிமனில் ஸ்லைஸ் போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகவிடுவது. திங்கட்கிழமை காலைக்காகவே இரண்டு துண்டு எடுத்து ஒளித்து வைக்கிறேன்.