பேச்சு சிகிச்சை: மாதக்கணக்கில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபிஸ்ட்டின் எதிரே உட்காருவது அதில் 50 நிமிடம்தான். மிச்ச நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பேச்சு சிகிச்சை பலன் தருகிறது. மனசு விட்டுப் பேசினால் போதும் என்று போகிறவர்களுக்கு முதல் மாதம் பாரம் இறங்கியதுபோல் இருக்கும். மூன்றாவது மாதமும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதல் இரண்டு மூன்று அமர்வுகள் விசாரிப்பிலேயே போய்விடும்: தூக்கம், பசி, வேலை, குடும்பம், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள். அதில் அவசரம் வேண்டாம். ஆனால் நான்காவது அமர்வுக்குள் எதை மாற்றப்போகிறோம் என்பது தெளிவாகிவிட வேண்டும். ‘நிம்மதியா இருக்கணும்’ என்பதை அளக்க முடியாது. ‘8 மணிக்குள் எழுந்து குளிக்கணும், வாரம் இரண்டு நாள் வெளியே போகணும்’ என்பதை அளக்கலாம். மனச்சோர்வை அளக்க பிஹெச்கியூ-9 என்ற கேள்வித்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 புள்ளி, மொத்தம் அதிகபட்சம் 27. மாதம் ஒருமுறை நிரப்பித் தேதி போட்டு வைத்தால், ‘ஒண்ணுமே மாறலை’ என்று தோன்றும் நாளில் கைகொடுக்கும். ஓரிரு புள்ளி ஏறி இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். 5 புள்ளி மாறினால் அது நிஜமான மாற்றம்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை வகையான சிபிடியில் (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) வீட்டுப்பாடம் உண்டு. மனதில் ஓடும் எண்ணத்தைக் கட்டம் கட்டமாக எழுதிச் சோதிக்கும் எண்ணப் பதிவேடுதான் அதில் முக்கியம், அதிகம் தப்பாக எழுதப்படுவதும் அதுதான். மேலாளருக்கு அனுப்பிய மெசேஜுக்குப் பதில் வரவில்லை என்று வையுங்கள். எண்ணத்துக்கான கட்டத்தில் பலர் ‘பயமா இருந்துச்சு’ என்று எழுதுவார்கள். அது உணர்வு. ‘என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்களோ?’ என்று கேள்வியாக எழுதுவதும் உதவாது, கேள்வியைச் சோதித்துப் பார்க்க முடியாது. ‘என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க’ என்று எழுதி, எத்தனை சதவீதம் நம்புகிறோம் என்றும் குறிக்க வேண்டும். 90 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, அதற்குச் சாதகமான ஆதாரம், எதிரான ஆதாரம். கடைசியில் நம்பிக்கை 60-க்கு இறங்கினாலே அது நல்ல பதிவு. பூஜ்யத்துக்கு வர வேண்டியதில்லை. இதை இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதாதீர்கள். அதற்குள் மனசு கதையை மாற்றியிருக்கும். நடந்த அரை மணிக்குள் போனிலாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பதற்றத்துக்கு, பயப்படும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, நடுவாந்திரமான ஒன்றை நேரில் எதிர்கொள்வதில் தொடங்கி ஏறுவது வழக்கம். இங்கே பயிற்சியைக் கெடுப்பது தற்காப்புப் பழக்கங்கள்: துணைக்கு ஆள், கையில் எந்நேரமும் போன், கதவுக்குப் பக்கத்து இருக்கை. அவை இருக்கும்வரை மூளை ‘ஒண்ணும் ஆகலை’ என்று கற்றுக்கொள்ளாது, ‘போன் இருந்ததால தப்பிச்சேன்’ என்றுதான் கற்றுக்கொள்ளும். பாதியில் எழுந்து ஓடினால் பயம் இன்னும் கெட்டிப்படும்.

வலி தரும் விஷயம் வெளிவந்த வாரத்தில் நிலைமை மோசமானதுபோல் தோன்றலாம். அமர்வு முடிந்ததும் அரை மணி நேரம் வேறு வேலை வைக்காதீர்கள். அடுத்த அமர்வை ரத்து செய்யக் கை பரபரக்கும், பெரும்பாலும் அந்த அமர்வுதான் மிகவும் தேவைப்படும்.

தெரபிஸ்ட் சொன்னது புண்படுத்தினால் அவரிடமே சொல்லுங்கள். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். ‘போன வாரம் நீங்க சொன்னது என்னைக் குறை சொன்ன மாதிரி இருந்துச்சு’ என்று சொல்ல முடிகிறவர், வெளியே மற்றவர்களோடும் அப்படிப் பேசப் பழகுகிறார். நல்ல தெரபிஸ்ட் அதைக் காது கொடுத்துக் கேட்பார். தற்காத்துப் பேசுகிறார், ஆறு அமர்வுக்குப் பிறகும் இலக்கே பேசவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பது தப்பே இல்லை.

மனநல மருத்துவர் தந்த மாத்திரையைத் தெரபி நடக்கிறதே என்று தானாக நிறுத்தக் கூடாது. தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர உதவியை நாடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

கொஞ்சம் தேறியதும் சட்டென்று நின்றுவிடுவது இன்னொரு தவறு. சிபிடி பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். முடிவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று இடைவெளி விடுவார்கள். அந்த நாட்களில் அவரோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சரிவு தொடங்கும்போது முதலில் என்ன நிற்கும்? குளிப்பதா, போன் எடுப்பதா? எத்தனை நாள் நின்றால் மறுபடி அமர்வு கேட்பது? யார் கண்ணில் அது முதலில் படும்? அந்த ஆளிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.