நிறுத்திய டியூஷனுக்கும் பணம் எடுக்கிறார்கள்: டைரக்ட் டெபிட் கட்டும் லண்டன் பெற்றோர் கவனத்துக்கு

சட்டன், வாலிங்டன், குராய்டன் பக்கம் பிள்ளைகளை இலெவன் பிளஸ் (தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல்களுக்கான நுழைவுத் தேர்வு) டியூஷனுக்கு அனுப்புபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். சென்டரின் பெயரைப் போடப் போவதில்லை, அவர்களோடு கடிதப் போக்குவரத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டன் பக்கத்து கிராமர் ஸ்கூல்களுக்கான தேர்வு செப்டம்பரில் நடக்கும். அதற்கப்புறம் இந்த டியூஷனுக்கு வேலையே இல்லை. அதனால் பையனை நிறுத்துகிறோம் என்று, ஒப்பந்தத்தில் கேட்டிருந்தபடி ஒரு மாத நோட்டீஸை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மெயிலில் கொடுத்தோம், "செப்டம்பர் கட்டணமே கடைசி" என்று பதிலும் எழுதினார்கள். மாதம் 180 பவுண்டு, டைரக்ட் டெபிட் (நாம் கொடுத்த அனுமதியின் பேரில் நிறுவனமே நம் பேங்க் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை). செப்டம்பரில் எடுத்தது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம், அதில் தகராறு இல்லை. அக்டோபரிலும் 180 போனது. போன் போட்டால் வரவேற்பில் இருந்த பெண், நம்ம ஊர்ப் பெண்தான், "சிஸ்டத்துல இன்னும் மாத்தலை அண்ணா, அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன், ரீஃபண்ட் வந்துரும்" என்றார். வரவில்லை. நவம்பரில் ஒரே அடியாக 540 பவுண்டை எடுத்துவிட்டார்கள். என்னவென்று கேட்டால், மாதாமாதம் வாங்குவதை நிறுத்திவிட்டு டெர்ம் கட்டணத்தை மொத்தமாக வாங்கும் முறைக்கு மாறிவிட்டார்களாம். படிப்பை விட்டுப் போன பையனுக்கும் சேர்த்து! முன்னறிவிப்பாக ஒரு மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ கிடையாது. அது வாடகைக்கு வைத்திருந்த பணம், வாடகை போகாமல் திரும்பி, வீட்டு ஏஜென்ட்டிடமிருந்து "உங்கள் வாடகை நிலுவையில் உள்ளது" என்று மெயில் வந்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஸ்டேட்மென்ட்டில் சென்டர் பெயர் எங்கேயும் இருக்காது, இதையும் கவனியுங்கள். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் நேரடியாக டைரக்ட் டெபிட் எடுப்பதில்லை, நடுவில் ஒரு வசூல் நிறுவனம் இருக்கும், அதன் பெயரும் அதற்குப் பின்னால் வாயில் நுழையாத ஒரு குறிப்பு எண்ணும்தான் தெரியும். அந்த எண்ணை டைரக்ட் டெபிட்டை உறுதிசெய்து முதன்முதலில் வந்த மெயிலில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்த்தால்தான் யார் எடுத்தது என்று புரியும். அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள்.

பேங்க்குக்குப் போன் செய்தேன். போனை எடுத்தவர் முதலில் சொன்னது, "நீங்கள் அந்த நிறுவனத்திடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." இது தவறு, நூறு சதவீதம் தவறு. பிரிட்டனில் டைரக்ட் டெபிட் ஏற்கும் எல்லா பேங்க்கும் பில்டிங் சொசைட்டியும் டைரக்ட் டெபிட் கேரண்டி என்ற ஒன்றுக்குக் கட்டுப்பட்டவை. தொகையோ தேதியோ மாறுவதாக இருந்தால் நிறுவனம் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேறு ஏற்பாடு இல்லையென்றால் அது பொதுவாக 10 வேலை நாள். பணம் எடுத்ததில் பிழை நடந்தால், பிழை நிறுவனத்துடையதோ பேங்க்குடையதோ, முழுத் தொகையையும் உடனடியாகத் திருப்பித் தர வேண்டியது உங்கள் பேங்க். கேட்பதற்குக் காலக்கெடுவும் இந்த கேரண்டியில் இல்லை. நான் முதலில் வந்த அந்த உறுதி மெயிலின் அடியில் அச்சிட்டிருந்த கேரண்டியை அப்படியே வாசித்துக் காட்டி, "இண்டெம்னிட்டி கிளைம் போட வேண்டும், அதைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றுங்கள்" என்றேன். கேரண்டிப்படி பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான இந்த இண்டெம்னிட்டி கிளைம் என்ற பேரைச் சொன்னதும் குரலே மாறிவிட்டது. அடுத்து வந்தவர் எந்தத் தேதி, எவ்வளவு, என்ன காரணம் என்று மட்டும் கேட்டார். அக்டோபர் 180, நவம்பர் 540, இரண்டும் அன்று சாயங்காலமே அக்கவுண்டில் இருந்தன. சில பேங்க்குகளின் ஆப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது, போனில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதில் பேங்க்குக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் பேசுவதற்குத் தைரியம் வரும். டைரக்ட் டெபிட் எடுக்க அனுமதி வாங்கும்போதே, தகராறு வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வசூலிப்பவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நம் பேங்க் முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் பேக்ஸ் என்ற, பேங்க்குகளுக்கிடையே பணம் போகும் முறை வழியாக அவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவர் ஆட்சேபிக்க வேண்டுமானால் ஆதாரத்தோடு வர வேண்டும். அவர் கையை விரித்தால் அவரை இந்த டைரக்ட் டெபிட் முறைக்குள் சேர்த்துவிட்ட பேங்க் பொறுப்பு. ஆக "முடியாது" என்று சொல்லும் ஊழியருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம், அவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, மேலே மாற்றச் சொல்லுங்கள்.

கையெழுத்துகூட இல்லாமல் அக்கவுண்ட் நம்பரும் சார்ட் கோடும் (பேங்க் கிளையைக் குறிக்கும் எண்) இருந்தால் டைரக்ட் டெபிட் போட்டுவிடலாம் என்பதால்தான் இப்படி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். டிவி புகழ் ஜெரமி கிளார்க்ஸன் கதை நினைவிருக்கலாம். 2007இல் 2.5 கோடிப் பேரின் விவரம் அடங்கிய அரசாங்க டிஸ்க்குகள் தொலைந்தபோது, இதற்குப் போய் இவ்வளவு கூச்சலா என்று பத்திரிகையில் எழுதி, தன் அக்கவுண்ட் நம்பரையும் சேர்த்துப் போட்டார். யாரோ அவர் கணக்கிலிருந்து நீரிழிவு அறக்கட்டளை ஒன்றுக்கு 500 பவுண்டு டைரக்ட் டெபிட் போட்டுவிட்டார்கள். 2008 ஜனவரியில் மனிதர் தன் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சரி, பேங்க் கொடுத்துவிட்டது என்பதோடு எல்லாம் முடிந்துவிடாது. எங்களுக்கு அடுத்த வாரமே சென்டரிலிருந்து கடிதம், 720 பவுண்டும் நிர்வாகக் கட்டணமும் கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனத்திடம் கொடுப்போம் என்று. பேங்க் பார்ப்பது பணம் சரியாக எடுக்கப்பட்டதா என்பதை மட்டும்தான், ஒப்பந்தப்படி யார் யாருக்குக் கடன் என்பது அதன் வேலை இல்லை. எங்களிடம் நோட்டீஸ் மெயிலும் அவர்களே எழுதிய பதிலும் இருந்ததால் இரண்டையும் இணைத்து, இந்தப் பாக்கியை மறுக்கிறோம் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். இனி எல்லாமே எழுத்தில்தான், போனில் பேசுவதே இல்லை. இதனால்தான் செப்டம்பர் பணத்தில் நான் கை வைக்கவில்லை. கிடைத்தவரை லாபம் என்று வருஷம் முழுக்கக் கட்டியதையும் கிளைமில் சேர்க்கச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் ஒரு நண்பர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். உரிமையில்லாமல் வாங்கினால், நிறுவனம் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்று அதே கேரண்டியில் எழுதியிருக்கிறது, கவுண்டி கோர்ட்டுக்கும் இழுப்பார்கள், பிள்ளைக்குப் பாடம் எடுத்தவர் சம்பளத்தைத் திருடுவதும் அதுவும் ஒன்றுதான்.

இன்னொரு பெரிய குழப்பம் கார்டு. என் மச்சினிச்சியும் மகளை இதே சென்டருக்கு அனுப்பினாள், ஆனால் அவள் முதல் நாளில் டெபிட் கார்டு நம்பரைக் கொடுத்திருக்கிறாள். மாதாமாதம் போவதால் அதுவும் டைரக்ட் டெபிட் என்றே நினைத்திருந்தாள். அது வேறு வகை, ஆப்பில் டைரக்ட் டெபிட் பட்டியலில் வராது, இந்த கேரண்டியும் அதற்குக் கிடையாது. அதை நிறுத்த பேங்க்கிடம் சொன்னாலே போதும், நிறுவனத்தின் சம்மதம் வாங்கி வா என்று பேங்க் சொல்லக் கூடாது, சொன்ன பிறகும் பணம் போனால் பேங்க்தான் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் போனதைச் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை பேங்க் மூலம் திரும்பக் கேட்பது) வழியாகக் கேட்கலாம், கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அவளுடையது இன்னும் இழுபறியில் இருக்கிறது.

ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு: உங்கள் செபா (ஐரோப்பாவின் யூரோ பணப் பரிமாற்ற முறை) டைரக்ட் டெபிட்டில் 8 வாரத்துக்குள் என்றால் காரணமே சொல்லாமல் பேங்க்கிடம் திரும்பக் கேட்கலாம், நீங்கள் அனுமதியே கொடுக்காத வசூல் என்றால் 13 மாதம் வரை.

பேங்க் கடைசிவரை மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். இந்த மாதிரிப் பணப் பரிமாற்றப் புகாருக்கு அவர்கள் பொதுவாக 15 வேலை நாளுக்குள் முடிவான பதில் தர வேண்டும், அந்தப் பதில் வந்த 6 மாதத்துக்குள் பேங்க் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், காசு கேட்க மாட்டார்கள்.

இந்த சென்டர் எது என்று சந்தேகம் உள்ளவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். அங்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டு நின்றவர்கள் ஆப்பைத் திறந்து அந்த டைரக்ட் டெபிட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ரத்து செய்துவிட்டு அவர்களுக்கும் ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள். அவர்கள் வசூல் 1ஆம் தேதி, குறைந்தது ஒரு வேலை நாள் முன்னாடியாவது செய்தால்தான் அந்த மாதம் நிற்கும்.