என்சிபி புரொடெக்‌ஷன்: தம்பி ஓட்டும் காருக்குப் போட்ட ஆட்-ஆன் எப்படி?

ஸ்விஃப்ட் என் பேரில் இருக்கிறது, ஓட்டுவது பெரும்பாலும் தம்பி. கேமராவில் சிக்கி அவன் வாங்கும் ஓவர்ஸ்பீட் சலான்களைப் பார்த்துப் பிரீமியம் ஏறுமோ என்று பயந்தேன். ஏறவில்லை. சலானையும் கணக்கில் சேர்க்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழு 2021-ல் ஒரு வரைவு வெளியிட்டது; என் ரினியூவலில் சலான் பற்றிய பேச்சே இல்லை.

பிரீமியத்தை ஏற்றுவது கிளைம்தான். கிளைம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடிதான் என்சிபி, அதாவது நோ கிளைம் போனஸ்; ஒரே கிளைமில் பூஜ்யம். யார் இடித்தாலும் போவது ஆர்சி-யில் பேர் உள்ளவரின் தள்ளுபடி. 1,197 சிசி காருக்குத் தேர்ட் பார்ட்டி (நம் கார் அடுத்தவருக்கு உண்டாக்கும் பாதிப்புக்கான) பிரீமியம் 3,416 ரூபாய். அது மட்டும் எப்படி ஓட்டினாலும் மாறாது.

இதற்காகத்தான் எழுநூற்றுச் சொச்சம் கொடுத்து, கிளைம் போட்டாலும் தள்ளுபடியைக் காக்கும் இந்த ஆட்-ஆனைப் பாலிசியில் கூடுதலாகச் சேர்த்தேன். தம்பி கேட் தூணில் உரசிக் கதவையும் ஃபெண்டரையும் நசுக்கினான், கிளைம் போட்டோம். ஓன் டேமேஜ் பிரீமியம் சுமார் 10,000. தள்ளுபடி 35-லேயே நின்றதால் 6,500 கட்டினேன். 45-க்கு ஏறவில்லை, அது பாலிசி விதியிலேயே இருக்கிறது. ஆட்-ஆன் இல்லையென்றால் முழு 10,000. எப்படியானாலும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

குறை என்றால் சர்வீஸ். கம்பெனியின் ஆப் முதலில் தள்ளுபடியைப் பூஜ்யம் என்றே காட்டியது. பாலிசி நகலை இணைத்து மெயில் போட்டு நச்சரித்த பிறகுதான் திருத்தினார்கள். அவசரத்தில் பணம் கட்டியிருந்தால் அவ்வளவுதான். நடுவில் ஒரு ஏஜென்ட், "வேற கம்பெனிக்கு மாறிடுங்க சார், கிளைம் இல்லைன்னு போட்டுக்கலாம்" என்றார். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் கிளைமே கிடைக்காது. கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒருவரே நிதானமாக ஓட்டும் பழைய காருக்கு இது வீண் செலவு. வாங்குபவர்கள் வருடத்துக்கு எத்தனை கிளைம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; என்னுடையது ஒன்றுதான். அப்புறம் பம்பர் கீறல் மாதிரி சின்ன விஷயத்துக்கு அந்த ஒரு கிளைமைச் செலவழிக்காதீர்கள். தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் ஆட்-ஆன் எடுக்காவிட்டால் பிளாஸ்டிக் பாகத்தில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்கும் கட்டாயக் கழிவு 1,000 வேறு. கைக்கு வருவது சொற்பம். இந்த மாதம் விழுந்த கீறலுக்குத் தம்பியையே பணம் கட்டச் சொல்லிவிட்டேன்.