தம்ளரில் கறுக்கும் தண்ணீர்: வீடு தேடி வரும் ‘கலர் டெஸ்ட்’ பெட்டி ஒரு மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர்களுக்கு ஆர்.ஓ. மெஷின் (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் கருவி) விற்க வருகிறவர்களின் பையில் பெரும்பாலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து கீழே நீளும் 4 உலோகக் கம்பிகள், ஒரு பிளக் வயர். எலக்ட்ரோலைசர் என்று இதற்குப் பெயர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கலாம். இங்கே மதிப்பிடப்படுவது ஆர்.ஓ. மெஷின் அல்ல, அதை விற்பதற்காகக் காட்டப்படும் இந்தப் பெட்டி.

காட்டும் முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். 2 கண்ணாடித் தம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பெட்டியை மேலே வைத்தால் ஒவ்வொரு தம்ளருக்குள்ளும் 2 கம்பிகள் இறங்கும். சுவிட்ச் போட்ட அரை நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பச்சையாகி, பிறகு துருப்பிடித்த பழுப்பாகி, ஒரு நிமிடத்தில் கறுத்த கசடாகத் திரண்டு நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரோ லேசான மஞ்சளோடு நின்றுவிடும். “பாத்தீங்களா அக்கா, இதைத்தான் இத்தனை நாளும் குழந்தைக்குக் குடுத்திருக்கீங்க” என்ற வாக்கியம் அந்த நொடியில் வரும். பார்த்துக்கொண்டிருக்கிற தாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

குடிநீரின் தரத்தைக் கண்டறியும் கருவி என்ற வகையில் இந்தப் பெட்டிக்கு ஒரு மதிப்பெண்கூடத் தர முடியாது. அந்தக் கசடு உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அது கம்பியிலிருந்து வந்தது.

தம்ளருக்குள் இறங்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். பெட்டிக்குள் இருக்கும் டையோடு வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கிறது. நேர்மின் முனையாக நிற்கும் இரும்பு, மின்சாரம் ஓட ஓடக் கரைந்து தண்ணீரில் கலக்கும். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிடும், அங்கே உருவாகும் காரத்தோடு இரும்பு சேர்ந்து பச்சை நிற ஹைட்ராக்சைடாகும், காற்று பட்டதும் பழுப்பாகும். கணக்குப் போட்டும் பார்க்கலாம். அரை ஆம்பியர் மின்சாரம் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லி தம்ளரில் அது லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கும் மேல். குடிநீரில் இரும்புக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லையே 1 மில்லிகிராம்தான். சோதித்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அவர்கள் சொல்வது உண்மை. அதைக் கெடுத்தது சோதனை.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் ஏன் கறுக்கவில்லை? அதில் உப்புகள் மிகக் குறைவு, அதனால் மின்சாரம் மிகக் கொஞ்சமே ஓடும். மின்சாரம் குறைந்தால் கம்பி கரைவதும் குறையும். இந்தப் பெட்டி சொல்லக்கூடிய செய்தி ‘இந்தத் தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடுகிறது’ என்பது ஒன்றுதான். அந்த அளவில் அது பொய் சொல்லவில்லை. கிருமி இருக்கிறதா, ஃபுளூரைடு இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு அதனிடம் பதிலே கிடையாது.

இதை விற்பவர் முன்னாலேயே, அவர் பெட்டியை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம். அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் 2 தம்ளர் கேளுங்கள். ஒன்றில் உங்கள் அடுப்படி உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். 200 மில்லியில் 0.3 கிராம் உப்பு விழுந்தாலே லிட்டருக்கு 1500 மில்லிகிராம் ஆகிவிடும். “தம்பி, இந்த ரெண்டையும் ஒருக்கா வெச்சுக் காட்டுங்க” என்றால் போதும். சுத்தமான தண்ணீரும் சுத்தமான உப்பும் சேர்ந்த தம்ளர் உங்கள் கிணற்றுத் தண்ணீரைவிட வேகமாகக் கறுக்கும். சோதனைக்கு முன்பும் பின்பும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பிகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், எந்தக் கம்பி அரிக்கப்படுகிறது என்று தெரியும்.

வீட்டில் இளநீர் இருந்தால் அதையும் ஒரு தம்ளர் வைக்கச் சொல்லலாம். பொட்டாசியம் நிறைந்த இளநீரில் மின்சாரம் நன்றாக ஓடும், கம்பியும் வேகமாகக் கரையும். மறுபக்கம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வைத்தால் நிறமே மாறாது. குடிப்பதற்கு அல்ல என்று விற்கும் தண்ணீர் தேறுகிறது, மரத்திலிருந்து இறக்கிய இளநீர் தோற்கிறது. பறவை எச்சம் விழுந்த கூரையிலிருந்து பிடித்த மழைநீரும் தேறிவிடும், ஏனென்றால் அதில் உப்பு மிகக் குறைவு. கிருமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் இந்தக் கம்பிக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இதை நீங்களே வாங்கி வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பல பெட்டிகளில் வீட்டின் 230 வோல்ட் நேராகக் கம்பிக்கு வருகிறது, எர்த் இணைப்பு இல்லை. சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரிலோ கம்பியிலோ விரல் பட்டால் ஷாக் அடிக்கும். ஈரத் தரையில், குழந்தைகள் சுற்றி நிற்கையில் இதைக் காட்டுவதே தவறு. தம்ளரை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

வேதியியல் மாற்றம் ஒன்றைக் காட்டி, அதற்கு வேறொரு காரணம் சொல்லி நம்ப வைப்பது பழைய வித்தை. வாளையாறு தாண்டினால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோவை போத்தனூரில் வாழ்ந்தவர், பகுத்தறிவுப் பிரச்சாரகர் பசவ பிரேமானந்த். 1930-இல் கோழிக்கோட்டில் பிறந்து 2009-இல் மறைந்தவர். மந்திரத்தால் தீ மூட்டுகிறோம் என்றவர்களின் வித்தைகளை ஊர் ஊராகச் செய்து காட்டி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்ந்தால் தீ தானே பிடிக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கியவர். கலர் டெஸ்ட் பெட்டிக்கும் அவர் முறைதான் பொருந்தும்: ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் செய்து காட்டச் சொல்வது. அந்த ஒரு சிட்டிகை உப்பு செய்வது இதைத்தான்.

இந்தப் பக்கத்தில் இந்தப் பெட்டி எளிதாக எடுபடுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரைப் பற்றிய பயம் இங்கே கற்பனை அல்ல. பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கொக்கோ கோலா ஆலையைச் சுற்றி, கிணறு வற்றியது, தண்ணீர் கெட்டது என்று மக்கள் போராடி, 2004-இல் ஆலை நின்ற வரலாறு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த நியாயமான பயத்தின் மேல்தான் விற்பனை நடக்கிறது. இன்னொன்று, இடம். கோயில் மண்டபத்திலோ சர்ச் ஹாலிலோ மதரசாவிலோ வாசகசாலையிலோ செய்து காட்டினால், இடம் கொடுத்தவர்கள் மேல் இருக்கும் மரியாதை அந்தப் பெட்டிக்கும் போய்ச் சேர்கிறது. இடம் கொடுத்த கமிட்டி தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து உப்புப் போடச் சொல்வது எந்தச் சாமிக்கும் எந்தச் சபைக்கும் அவமரியாதை ஆகாது. 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 51ஏ (எச்) பிரிவு, கேட்டு ஆராயும் மனப்பான்மையைக் குடிமக்களின் கடமை என்றே சொல்கிறது.

பெட்டியோடு கூட வரும் மற்றச் சோதனைகளில் மோசமானது மஞ்சள் சொட்டு. உங்கள் குழாய்த் தண்ணீரில் 2 சொட்டு மருந்து விட்டதும் மஞ்சளாகும், ‘விஷம்’ என்பார்கள். அது ஆர்த்தோ டொலிடின், குளோரின் இருந்தால் மஞ்சள் காட்டும் மருந்து. பஞ்சாயத்துக் குழாயில் குளோரின் இருக்க வேண்டும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே தரம். மஞ்சள் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சோப்பு நுரைச் சோதனை உண்மையானது, ஆனால் கடினத்தன்மையை மட்டும் காட்டும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைக் காட்டி, இதுவே சிறுநீரகத்தில் கல்லாகிறது என்பது தவறு. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். தண்ணீர் குறைவாகக் குடிப்பது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

டி.டி.எஸ். பேனா, அதாவது தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் பேனா, நேர்மையான கருவி. அதுவும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது, ஆனால் எண்ணாகச் சொல்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. வாங்கினால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் உப்பு கரைத்தால் ஏறத்தாழ 1000 காட்ட வேண்டும். முனையில் குமிழ் ஒட்டாமல் ஆட்டிவிட்டு, எண் நிலைக்கும் வரை பொறுங்கள். பல பேனாக்கள் 999-ஐத் தாண்டினால் ஓரத்தில் ‘10 மடங்கு’ என்ற குறியோடு காட்டும். அதைக் கவனிக்காமல் 140 என்று படித்தால் உண்மையில் அது 1400. மொத்த உப்பு 600 என்று பேனா சொல்லும்போது அதில் ஃபுளூரைடு 0.5 மில்லிகிராமா 3 மில்லிகிராமா என்பதை அதனால் சொல்லவே முடியாது.

இந்தப் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த ஊர்களை உள்ளடக்கிய சித்தூர் வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் பாறையிலிருந்து கரைந்த ஃபுளூரைடு உண்டு. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், உச்சவரம்பு 1.5. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் வளரும் குழந்தைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும், அளவு மிக அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகும். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் சற்றுக் கூடத்தான் செய்யும். கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கும் அதைத் தொடாது.

அதற்குச் சரியான கருவி ஃபீல்டு டெஸ்ட் கிட், அதாவது ஊரிலேயே செய்து பார்க்கும் சோதனைப் பெட்டி. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்கு இதில் பயிற்சி தர ஏற்பாடு உண்டு, பஞ்சாயத்தில் விசாரியுங்கள். குறித்த அளவு தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பிழை நேர்வது மூன்று இடங்களில்: காலாவதியான மருந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது, குளோரின் கலந்த தண்ணீரை அப்படியே சோதிப்பது. 1-க்கும் 1.5-க்கும் நடுவே கண்ணால் பிரிப்பது கடினம், அங்கே ஆய்வகம்தான் முடிவு.

கிருமிக்கு எச்2எஸ் பாட்டில், அதாவது கிருமி இருந்தால் கறுக்கும் மருந்து போட்ட சோதனை பாட்டில். குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் மலக் கழிவு கலந்திருக்கச் சந்தேகம் வலுவாக உண்டு. கந்தக வாடை அடிக்கும் போர்வெல் தண்ணீர் மட்டும் கிருமி இல்லாமலும் கறுக்கக்கூடும்.

ஆய்வகத்துக்கு, கேரளப் பக்கம் வாட்டர் அதாரிட்டி, தமிழ்நாட்டுப் பக்கம் குடிநீர் வடிகால் வாரியம். மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் 3 முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் கேனில் 2 லிட்டர் பிடியுங்கள். ஃபுளூரைடுக்குக் கண்ணாடி பாட்டில் ஆகாது. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை அலசாமல் நிரப்பி, ஐஸ் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை கொடுப்பது நல்லது. ஒரே கிணறு இரண்டு காலத்தில் இரண்டு விதமாக இருக்கும்.

முடிவு வந்த பிறகு ஆர்.ஓ. வாங்குவதே சரி என்றாகலாம். ஃபுளூரைடு 1.5-க்கு மேல் என்றாலோ, உப்பு மிக அதிகம் என்றாலோ ஆர்.ஓ. உண்மையிலேயே உதவும். ஃபுளூரைடு மட்டும்தான் சிக்கல் என்றால் ஃபுளூரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டரும் போதும், அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். டி.டி.எஸ். 300, கிருமி மட்டும் பிரச்சினை என்றால் காய்ச்சுவதோ யு.வி.யோ போதும், ஆர்.ஓ. வைத்தால் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 லிட்டர் வீணாகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டதும் இதனால்தான்.

பெட்டியைக் காட்டி ஏற்கெனவே விற்றுவிட்டார்கள் என்றால், பில், விற்பவர் சொன்னதை எழுதிய துண்டுத்தாள், முடிந்தால் செய்து காட்டியபோது எடுத்த வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. புகாரில் ‘மெஷின் சரியில்லை’ என்று பொதுவாக எழுதாமல், ‘இரும்புக் கம்பியிலிருந்து வந்த கசடை என் தண்ணீரின் அழுக்கு என்று காட்டி விற்றார்கள்’ என்று எழுதி, ஆய்வக அறிக்கையின் நகலையும் இணையுங்கள்.