லடாக்கின் லேவுக்குக் காரில்: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

இரண்டு வழியும் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், வித்தியாசம் உயரத்தில். ஸ்ரீநகர் சாலையில் மிக உயர்ந்த கணவாயான ஃபோட்டு லா சுமார் 4,100 மீட்டர். இரவு தங்கும் கார்கில் 2,700 மீட்டர் அளவில்தான் இருப்பதால் உடம்பு மெல்லப் பழகிக்கொள்ளும். சோஜி லா கணவாய் மட்டும் குறுகல். மழை பெய்தால் ஒரே சேறு.

மணாலி சாலை வேறு ரகம். 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாய் ஏற்றத்தை மிச்சப்படுத்துகிறது, சரி. அப்புறம் பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லாங் லா என்று வரிசையாக ஏற்றம். நடுவில் கூடாரத்தில் தங்கும் சர்ச்சுவே 4,200 மீட்டருக்கு மேல். முதல் இரவே அங்கே என்றால் பலருக்குத் தலைவலியில் தூக்கம் வராது. அதற்கு முன்பே வரும் டாண்டி என்ற ஊரில் பெட்ரோல் டேங்கை நிரப்பாமல் நகரவே கூடாது. அழகுக்கு என் ஓட்டு மணாலிக்குத்தான். ஆனாலும் போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி என்றுதான் திட்டம் போடுவேன்.