காட்டுப்பூக்களைப் பதிய ஐநேச்சுரலிஸ்ட் செயலி: கடலூர்க்காரர்களுக்கு

தேவனாம்பட்டினம் மணலில் அடம்பு பூத்திருக்கிறதா? படத்தை ஏற்றினால் இந்த இலவசச் செயலி உடனே பெயர் பரிந்துரைக்கும். ஆனால் பூ மட்டும் போதாது. அடம்புக்கு அடையாளமே ஆட்டுக் குளம்பு போல நுனி பிளந்த இலைதான். பூ, இலை, கொடி மூன்றையும் ஒரே பதிவில் சேருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பூ வாடிவிடும்.

மழைக்குப் பின் வரப்பில் பூக்கும் தும்பைதான் சிக்கல். வெயிலில் வெள்ளை இதழ் வெளிறி, விவரமே தெரியாது. திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். உங்கள் நிழல் செடிமேல் விழட்டும்.

பெயர் சொல்லும் பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரை ஒப்புக்கொண்டால், பதிவுக்கு 'ஆய்வுத் தரம்', அதாவது ஆய்வுக்குப் பயன்படும் பதிவு என்ற குறி கிடைக்கும். தோட்டத்துச் செடியை 'வளர்ப்பு' என்று குறிக்க மறந்தால் பரவல் வரைபடமே பிழையாகிவிடும். அந்தத் தேர்வை இன்னும் கண்ணில் படும்படி வைத்திருக்கலாம்.