மஞ்சோங்கில் இருக்கிறது என் காரின் புகைக்குழாய்

பிவைடி டால்பின் மின்சாரக் கார் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. வண்டியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஓட்டச் சுகம், எஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலை கிடையாது, குளிரூட்டி உடனே சில்லென்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பள்ளமாக்கிய தோட்டப் பாதையில் மட்டும் அடி தட்டாமல் பார்த்துப் போகவேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய்வர மின்கலத்தில் தாராளமாக மிச்சம் இருக்கும்.

நான் எழுத வந்தது புகைக் கணக்கு. விற்பனையாளர் "புகையே கிடையாது" என்றுதான் சொன்னார். செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கும் தம்பி ஒருவர் அதை ஏற்கவில்லை. "உங்கள் கார் புகை விடுகிறது, சார். இங்கே விடாமல் மஞ்சோங்கில் விடுகிறது" என்றார். சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தே அவருடைய ஆலை நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறது. மஞ்சோங் மின்நிலையமோ கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை எரிக்கிறது. மலேசியத் தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி, அடுத்தது எரிவாயு.

"செண்டரோ அணை பக்கத்திலேயே இருக்கிறதே, நமக்கு அந்தத் தண்ணீர் மின்சாரம்தானே?" என்று மைத்துனர் கேட்டார். 1930இல் கட்டிய அந்த அணையும், மேலே தெமெங்கோர் அணையும் பேராக் ஆற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் எல்லா மின்சாரமும் ஒரே கட்டமைப்பில் கலக்கிறது. அதில் நீர்மின்சாரத்தின் பங்கு சிறியது.

மின்னூட்டும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு என் கார் சுமார் 15 கிலோவாட் மணி எடுக்கிறது. எரிசக்தி ஆணையத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தீபகற்பத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 770 கிராம் கரியமில வாயு. ஆக, 11 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகும். அதே தூரத்துக்கு 6 லிட்டர் குடிக்கும் மைவி என்ற சிறிய பெட்ரோல் கார் 14 கிலோ விடும். எட்டரை லிட்டர் குடித்த என் பழைய புரோட்டோன் கிட்டத்தட்ட 20 கிலோ விட்டது. பழைய வண்டியோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம், மைவியோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். மின்கலம் செய்யும்போது வெளியான கரியமில வாயுவை அந்தக் கொஞ்சத்தை வைத்து ஈடுகட்ட நெடுநாள் பிடிக்கும். இதே காரைப் போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தில் ஓட்டினால் 3 கிலோதான். அங்கே பாக்கூன் போன்ற அணைகளின் மின்சாரமே அதிகம் என்பதால், ஒரு கிலோவாட் மணிக்கு 200 கிராம் அளவோடு நின்றுவிடுகிறது.

முதலில் எல்லாரையும் போல இரவில்தான் மின்னூட்டினேன். இரவில் சூரியசக்தி ஏது? 2025 ஜூலையில் வந்த நேரவாரிக் கட்டணத்தில் வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் உச்ச நேரம். சனி, ஞாயிறு முழுவதும் சலுகைக் கட்டணம். பணி ஓய்வு பெற்றவன் என்பதால் காலை 10 மணிக்குச் செருகி 2 மணிக்குள் எடுத்துவிடுகிறேன். கட்டணமும் குறைவு, கூரையில் வெயிலும் இருக்கிறது. அங்கே பதித்த 4 கிலோவாட் சூரியசக்தித் தகடுகள் நல்ல வெயில் நாளில் 14 கிலோவாட் மணிக்குக் குறையாமல் தருகின்றன. வீட்டுச் செலவு போக மிஞ்சுவதே ஈப்போ பயணத்துக்குப் போதும். ஆண்டுக் கடைசியில் மழை கட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு படுத்துவிடும். அப்போது மீண்டும் மஞ்சோங்தான்.

மைவியில் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வருகிறவர், கரியமில வாயுவைக் குறைப்பதற்காக என்று இந்தக் காருக்கு மாறவேண்டாம். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர், சொந்தக் கூரையும் உண்டென்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் தகட்டுக்கு விலை கேளுங்கள்.